எஞ்சின் சூடேறும்வரை

மகன்,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதியிருக்கிறாள் என்று தர்சினியிடம் காட்டிச் சிரிப்பாய். சிரி. ஆனால் கடைசிவரைக்கும் வாசி. வாயால் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்திலேயே நான் கத்தத் தொடங்கிவிடுவேன். நீ "ஓமம்மா, ஓமம்மா" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு படலையைத் தாண்டிவிடுவாய். பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் பிள்ளைகளையெல்லாம் வாங்கில் இருத்தி வைத்துப் படிப்பித்தேன், பெற்ற பிள்ளையை மட்டும் இருத்த ஏலவில்லை. அதனால்தான் கடிதம். நீ கந்தோரில் பொறுப்புக் கொடுக்கப் போன நேரம் பார்த்து, குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். கண்ணில் படலம் என்பதால் வரி கோணலாகப் போகும், பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலையில் நீயும் தர்சினியும் கண்டிக்குப் போகிறீர்கள். உனக்கு மாற்றம் கிடைத்த இடம், அவளுக்குப் பிள்ளை பெற நல்ல ஆஸ்பத்திரி உள்ள இடம், எல்லாம் நல்லது. ஏழு மாத வயிற்றோடு அவள் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி வரிசையில் நின்று, ஆமிக்காரர் பார்த்து முடித்தபிறகு திரும்ப ஏறிப் போகத் தேவையில்லை. காரைக் கொண்டுபோ என்று நானேதான் சொன்னேன். சொன்ன வாயை இப்போது மூட முடியாமல் கிடக்கிறேன். நேற்று மத்தியானத்திலிருந்து என் நெஞ்சு இருந்த இடத்தில் இல்லை.

நேற்று என்ன நடந்தது? மழைக்குள் உப்புவெளிக்குப் போய்ச் சம்பந்தி வீட்டுச் சாமான் எடுத்துவர வேண்டும் என்று நீ காரை எடுத்தாய். சோக்கை முழுக்க இழுத்துப் பெற்றோலைக் கூட்டினாய், ஸ்ரார்ட் பண்ணினாய், அது மூச்சு விட முதலே கியரைப் போட்டுப் புறப்பட்டாய். கொழும்பில் வேலை செய்தபோது நீ ஓடிப் பழகியது கந்தோரின் புதுக் கார், சாவியைத் திருப்பினால் சொன்னபடி கேட்கும். இது என் அப்பா வாங்கிய கார், உன்னைவிட வயது கூடியது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது நீ அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாயோ இல்லையோ, சைலன்சருக்குள் 'டம்' என்று ஒன்று வெடித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதது. நீ திரும்பி வந்து, "கிழட்டுச் சாமான் அம்மா, தும்முது" என்று சிரித்தாய். உன் அப்பா சோற்றில் கை வைத்தபடி எழும்பினார், கை கழுவாமல் கிணற்றடிக்குப் போனார். நீ அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "நான் காரைத் தொட்டாலே அவருக்குப் பிடிக்காது." பிறகு பின்னேரம் இன்னொரு குண்டைப் போட்டாய். கண்டி ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும், அதனால் வெள்ளிக்கிழமைக்கு முதல் உன் கூட்டாளியின் கராஜில் தேர்மோஸ்டாட்டைக் கழற்றப் போகிறாய் என்று.

கழற்றாதே. இந்தக் கடிதம் முழுவதும் அதற்குத்தான். கழற்றாதே, மகன்.

அது என்ன என்று உனக்குத் தெரியும், தர்சினியும் வாசிப்பாள் என்பதால் சொல்கிறேன். எஞ்சினில் இருந்து ரேடியேற்றருக்குத் தண்ணி போகிற வழியில் இருக்கிற ஒரு சின்ன அடைப்பு அது. எஞ்சின் குளிராக இருக்கும்வரை மூடிக்கொண்டிருக்கும், தேவையான சூடு வந்ததும் தானே திறந்து தண்ணியை ஓட விடும். பார்த்தால் பாதிச் சிரட்டை அளவும் இல்லை. எங்கள் ஊரில் இதைக் கழற்றி எறியாத கார் குறைவு. "வெக்கை ஊருக்கு இது என்னத்துக்கு" என்பார்கள். குளிர் நாட்டுக்காரன் தன் குளிருக்காகப் போட்டானாம், நாங்கள் புத்திசாலிகள் கழற்றிவிட்டோமாம். நாங்களும் ஒருமுறை அப்படிப் புத்திசாலிகளாக இருந்தோம். அந்தக் கதையை நீ கேட்டதில்லை. "படிக்கிற பிள்ளைக்குச் சொல்லாதை" என்று அப்பா என்னைத் தடுத்தார், படிப்பு முடிந்தபிறகும் அந்தத் தடை அப்படியே கிடந்துவிட்டது. இன்றைக்கு அவரைக் கேட்காமல் எடுத்துவிடுகிறேன்.

இந்த வீட்டில் கார் ஓடியது எப்போதும் நான்தான் என்பது உனக்குப் பகிடி. அப்பாவுக்கு நான் ஓடப் பழக்கிப் பார்த்தேன். கியரை மாற்றச் சொன்னால் ஸ்ரேரிங்கைத் திருப்புவார், பிறேக் என்றால் கண்ணை மூடுவார். சண்டை தொடங்கியபிறகு அதுவே எங்களுக்கு நல்லதாகப் போய்விட்டது. ஆம்பிளை கார் ஓடிவந்தால் இறங்கு, கையைத் தூக்கு, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்பார்கள். சேலை கட்டிய பொம்பிளை ஓடிவந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுவார்கள். எங்கள் பாலையூற்றில் எத்தனையோ வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றால் "ரீச்சரைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்று வைத்துக்கொள்.

ஒரு சித்திரை வெயிலில் சாவடி வரிசை அசையாமல் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்க, காற்றும் இல்லை, விசிறி பெல்ற்றும் தளர்ந்திருந்தது, ரேடியேற்றர் கொதித்துப் புகைத்தது. புகையைக் கண்டு ஆமிக்காரர் துவக்கோடு ஓடிவந்தார்கள். அப்பா பதறிப்போய் மூடியைத் திறந்து கையைப் பொசுக்கிக்கொண்டார். பார்க்க வேண்டியது பெல்ற்றை. ஆனால் பயந்தவனுக்குக் காரணமா கண்ணில் படும்? கராஜ் வைத்திருந்த கிண்ணியா றஹீம் நானாவிடம் போனோம். "டீச்சர், எல்லாரும் கழட்டுறாங்க, நம்மட வெக்கைக்கி இது தேவல்ல. கழட்டினா ஒரு நாளும் கொதிக்காது" என்றார். அவர் சொன்னார், நான் தலையாட்டினேன், அப்பா சந்தோஷப்பட்டார். பெல்ற்றை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை, பிறகு அது கொதிக்கவேயில்லை. ஆனால் சூடாகவும் இல்லை. சூடு காட்டுகிற ஊசி அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் ஒழுங்காக எரியாது, ஒயில் தடித்து நிற்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பெற்றோலைக் குடிக்கும். நின்றுவிடாமல் இருக்க நான் சோக்கைப் பாதி இழுத்தபடியே ஓடுவேன். அப்படி ஓட ஓட எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய்ச் சேரும். காலை எடுத்தவுடன் அங்கே வெடிக்கும், நேற்று நீ கேட்டது போல. வெயில் காலத்தில் எப்போதாவது ஒன்று. மழை தொடங்கியதும் அடிக்கடி. எனக்குப் பயம்தான். ஆனாலும் மழை விடட்டும், பார்த்துக்கொள்வோம் என்று நாளைக் கடத்தினோம்.

மார்கழி. நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமை காலையில் நாங்கள் ரவுணில் உள்ள ரெலிபோன் கடைக்கு வந்து உன்னோடு கதைப்பதும், நீ வீட்டுக்காரம்மாவின் போனுக்குப் பக்கத்தில் காத்திருப்பதும் வழக்கம். ஒரு சனிக்கிழமை நாங்கள் வரவில்லை என்று நீ கோபித்து, அடுத்த கிழமை முழுவதும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. லைன் பழுது என்று சொன்னேன். லைன் பழுதில்லை.

அன்றைக்கு நல்ல மழை. அப்பா பக்கத்தில் இருந்து உனக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், கடையில் போனைக் கொடுத்தால் அவருக்கு வாய் வராது. சாவடிக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம். மெதுவாகப் போக வேண்டும் என்று காலை எடுத்தேன். வெடித்தது. முதல் நாள்தான் எங்கேயோ குண்டு வெடித்துச் சனம் செத்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் எல்லாரும் விழுந்தார்கள், ஒருவன் எங்கள் தலைக்கு மேலால் சுட்டான். நான் பிறேக்கில் ஏறி நின்றேன். கத்தினார்கள், இறங்கினோம், கையைத் தூக்கினோம். அப்பாவைச் சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். அவர் சேற்றில் முழங்காலில் விழுகிற வரைக்கும் கண்டேன், பிறகு மூட்டை மறைத்துவிட்டது.

காரைப் பிரித்து மேய்ந்தார்கள். சீற்றைத் தூக்கினார்கள், டிக்கியைக் கொட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் கேட்டது உண்மைதானே? காருக்குள் இருந்து ஒருவன் சுட்டு, துவக்கை வெளியே எறிந்துவிட்டான் என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான், இரண்டு பேர் பற்றைக்குள் தேடப் போனார்கள். அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும். என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம், மீன் வாங்கத்தான் போதும். அன்றைக்கு அதை வைத்துக்கொண்டு உன் அப்பாவை வாங்க வேண்டியிருந்தது.

"மாத்தயா, ஐயா, எஞ்சின்தான் வெடிச்சது. கார் பழசு."

"அப்படியென்றால் திரும்ப வெடிக்கவைத்துக் காட்டு" என்றான்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இது என்ன பெரிய வேலை, மாதக்கணக்காக வெடிக்காதே வெடிக்காதே என்று நான் கும்பிட்ட சனியன்தானே என்று சீற்றில் போய் இருந்தேன். அக்சிலேற்றரை மிதித்தேன், விட்டேன். ஒன்றுமில்லை. சோக்கை இழுத்து மிதித்து விட்டேன். ஒன்றுமில்லை. தையல் மெஷின் போல அழகாக ஓடியது. அவர்கள் தேடிய நேரம் முழுவதும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, மகன். ஓடுகிற காரில் காற்றுப் பட்டுக் குளிர்ந்து கிடந்த எஞ்சின், நின்ற இடத்தில் ஓடி நன்றாகச் சூடேறிவிட்டது. ஊசி முதல்முறையாக நடுவில் நின்றது. எந்தச் சூட்டுக்காக நான் அத்தனை நாளும் ஏங்கினேனோ, அது வந்து என் புருஷனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றது. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

"சூடாகிவிட்டது மாத்தயா, இனி வெடிக்காது. குளிரவேணும். குளிர்ந்தால் வெடிக்கும்" என்றேன். அவர்கள் தங்களுக்குள் பார்த்துச் சிரித்தார்கள். பொய்க்காரி நேரம் கடத்துகிறாள் என்று நினைத்திருப்பார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அந்த அதிகாரிப் பெடியன் சிரிக்கவில்லை. "சரி, குளிரட்டும்" என்றான். எஞ்சினை நிற்பாட்டிப் பொனற்றைத் திறந்துவிட்டு மழைக்குள் நின்றேன். ஒரு ஆமிக்காரன் கெதியாகக் குளிரவைக்கிறேன் என்று கிணற்றுத் தண்ணி வாளியோடு வந்தான். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தேன். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணி விழுந்தால் இரும்பு வெடித்துவிடும், பிறகு கார் ஸ்ரார்ட் வராது, ஸ்ரார்ட் வராவிட்டால் சத்தம் இல்லை, சத்தம் இல்லாவிட்டால் உன் அப்பா இல்லை. இதையெல்லாம் சிங்களத்தில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. "எப்பா, எப்பா" என்று அழுதேன், வேண்டாம் வேண்டாம் என்று. அவன் பயந்துபோய் வாளியைக் கீழே வைத்தான்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்க ஏலாதா என்று எத்தனை தரம் உனக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருப்பேன். ஆறப் பொறுப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ரேடியேற்றரில் கையை வைத்தபடி நின்றேன். சுட்டது. பிறகும் சுட்டது. மூட்டைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இருமலாவது கேட்காதா என்று காது கொடுத்தேன், மழைதான் கேட்டது. கடைசியில் கையை வைத்தபடி வைத்திருக்க முடிந்தது.

அதிகாரி ஒரு ஆமிக்காரனை என் பக்கத்தில் ஏற்றினான். காரை ஸ்ரார்ட் பண்ணிச் சோக்கை முழுக்க இழுத்து, இறக்கத்தின் மேலே போய்த் திருப்பி, முதல்போல வந்தேன். காலை எடுத்தேன். வெடித்தது. சாதாரணமாக இல்லை, வீட்டில் பழகிய எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. வெடிக்கும் என்று தெரிந்து காத்திருந்தவர்கள்கூடத் துவக்கைத் தூக்கிவிட்டார்கள். பிறகுதான் ஒருவன் சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள், அதிகாரியும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அப்பாவை விடச் சொன்னான்.

எல்லாருக்கும் அது காரின் சத்தம். மூட்டைக்குப் பின்னால் முகத்தைச் சேற்றுக்குக் குனிந்தபடி இருந்த மனுசனுக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கார் போனதும் வந்ததும் அவருக்குத் தெரியாது. ஒரு வெடி கேட்டது, அவ்வளவுதான். அவர் எழும்பி வந்த விதத்தைச் சொல்ல எனக்கு இப்போதும் ஏலாது. என் முகத்தைத் தடவினார், தலையைத் தடவினார், ஆமிக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க என் முதுகைத் தடவினார். "எங்கை பட்டது? எங்கை பட்டது, சொல்லன்" என்று கேட்டார். "ஒண்டும் படேல்லை, கார்தான் வெடிச்சது, இஞ்சை பாருங்கோ" என்றேன். திரும்பவும் "எங்கை பட்டது" என்றார். பிறகு காரில் ஏறமாட்டேன் என்று சொல்லி அந்த மழைக்குள் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலே முதல் கியரில் ஊர்ந்துகொண்டு வந்தேன். அடுத்த நாள் றஹீம் நானாவே வீடு தேடி வந்தார். தேர்மோஸ்டாட்டை எறியாமல் ஒரு பால்மா ரின்னுக்குள் வைத்திருந்திருக்கிறார். "டீச்சர், என்ட வாப்பா மேல ஆணை, நான் இனி யாருக்கும் கழட்டமாட்டன்" என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போனார். விசிறிக்குப் புது பெல்ற்றும் போட்டார். அன்றிலிருந்து நான் சூடேற்றாமல் காரை எடுத்ததில்லை, அது என் கையில் ஒருநாளும் வெடித்ததில்லை.

இப்போது யோசி. அப்பா ஏன் நேற்றுச் சோற்றோடு எழும்பினார்? கார் ஸ்ரார்ட் ஆகிற நேரமெல்லாம் அவர் ஏன் கிணற்றடியில் நிற்கிறார்? கப்பி கடகடவென்று உருளுகிற சத்தத்தில் மற்றது கேட்காது, அதற்குத்தான். நிரம்பின வாளியை ஊற்றிவிட்டுத் திரும்பவும் இறைப்பார். உன் கலியாணத்தன்று நீயும் தர்சினியும் காரில் ஏறும்போது அப்பாவைக் காணவில்லை என்று முகம் கறுத்தாயே, அவருக்கு இந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை என்று இன்றுவரை மனதில் வைத்திருக்கிறாயே, அன்றைக்கும் அவர் கிணற்றடியில்தான் நின்றார். பட்டுவேட்டி நனைய நனைய இறைத்தார்.

ஆகவே கழற்றாதே. அது இல்லாமல் இந்த மழைக்குள் புறப்பட்டால் இங்கேயிருந்து தம்புள்ளை வரைக்கும் சாவடிக்கு ஒன்றாக வெடித்துக்கொண்டு போவாய். நேற்று இல்லாத இடத்தில் இன்றைக்குச் சாவடி இருக்கும். நீ இளம் பெடியன், தமிழன், ஓடுகிறவன். உன் பக்கத்தில் இருப்பவளைக் காரைவிட்டு இறக்கி மழையில் நிறுத்துவார்கள், உன்னை மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். ஏற்றத்தில் கொதிக்கும் என்று பயமென்றால் பெல்ற்றைப் பார், தண்ணியைப் பார், ரேடியேற்றரைக் கழுவி எடு. மாத்தளை ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஆறுதலாக ஏறு. ஊசி மேலே போனால் ஓரமாக நிறுத்தி ஆறவிடு, மூடியைச் சூட்டோடு திறக்காதே, அப்பாவின் உள்ளங்கையைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். சாவடி வரிசை நீண்டால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுக் காத்திரு, ஊசியில் ஒரு கண் இருக்கட்டும். இறக்கத்தில் சடாரென்று காலை எடுக்காதே. தர்சினிக்குப் பசி வந்தால் முறுக்குப் பின்சீற்றில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் காரை ஸ்ரார்ட் பண்ணு. தர்சினி பிறகு ஏறட்டும், அதுவரை சாமான்களை ஏற்று. சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளு, ஊசி நடுவுக்கு வரட்டும், எஞ்சின் ஒரே சீராக ஓடட்டும். என்னிடம் வந்து போயிட்டு வாறன் என்று சொல்லாதே, என்னை விடு. கிணற்றடிக்குப் போ. அவர் இறைத்துக்கொண்டு நிற்பார். கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள். "அப்பா, எஞ்சின் சூடாயிட்டுது, இனி வெடிக்காது, வாங்கோ" என்று சொல். இதை நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், அவர் நம்புகிறாரில்லை. அன்றைக்கு அவர் காதுக்குள் செத்துப்போனவள் நான், என் பேச்சை எப்படி நம்புவார்? நீ சொன்னால் வருவார் என்று நினைக்கிறேன். வந்தால் தர்சினி பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடு, அவள் தலையில் கை வைத்து அனுப்பட்டும். கை கிணற்றுத் தண்ணியில் ஈரமாக இருக்கும். துடைக்கச் சொல்லாதே.

அம்மா